மூன்று ஃப்ரட்டர்னிட்டிகள் அழைக்கின்றன, எதில் சேர்வது?

உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். ஆகஸ்டில் கோவையிலிருந்து அமெரிக்காவின் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறீர்கள். பொறியியல், முதலாம் ஆண்டு. புது ஆட்களைச் சேர்க்கும் ரஷ் வாரத்தில் மூன்று ஃப்ரட்டர்னிட்டிகளுக்கு, அதாவது கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்ட மாணவர் சகோதரச் சங்கங்களுக்கு, போனீர்கள்: சொந்த வீடு வைத்திருக்கும் பழைய ஒன்று, தெற்காசிய மாணவர்களுக்கான ஒன்று, பொறியியல் மாணவர்களுக்கான ஒன்று. மூன்று இடத்திலும் அன்பாகப் பேசினார்கள், மூன்றிலிருந்தும் பிட், அதாவது சேரச் சொல்லும் அழைப்பு, வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ரூம்மேட்டுக்கு அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது, எனக்குத்தான் சாப்பிடக் கூட யாரும் இல்லை." நான் அந்த வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். மூன்றில் எதற்குப் பெயர் பெரிது என்பது உங்கள் கேள்வி இல்லை. எந்த இடத்தில் உங்களைத் தங்கள் ஆளாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் விடை தேடும் வழி வேறு.

நான் நடு மேற்கு மாநிலம் ஒன்றில், ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அதில் ஏழு வருடம் ஃப்ரட்டர்னிட்டிகளையும், பெண்களுக்கான சொராரிட்டிகளையும் கவனிக்கும் பிரிவில். புது உறுப்பினர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன், ஒழுங்கு விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன், நடு இரவில் மருத்துவமனை வராந்தாவில் பெற்றோருக்காகக் காத்திருந்திருக்கிறேன். நான் எதிலும் உறுப்பினராக இருந்ததில்லை. உள்ளே இருந்து மட்டுமே தெரியக்கூடிய நெருக்கம் ஒன்று உண்டு, அதைப் பற்றி அதிகாரமாகப் பேச எனக்குத் தகுதி இல்லை. என் அனுபவம் முழுவதும் பெரிய பல்கலைக்கழகத்தில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரத்தைநூறு பேர் படிக்கும் தனியார் கல்லூரியில் நடைமுறை வேறாக இருக்கும்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்த எல்லாமே ஒரே வகை இல்லை. 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். அது பின்னாளில் நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. அதில் சேர நாமாக விரும்பினால் போதாது, அவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று நாம் காணும் சமூக ஃப்ரட்டர்னிட்டிகள் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825-ல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா சொசைட்டியின் வழியில் வந்தவை. வெகு காலம் அவை வெள்ளைக்கார கிறிஸ்தவ ஆண்களின் இடங்களாகவே இருந்தன. அதனால் உள்ளே இடம் கிடைக்காதவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். யூத மாணவர்கள் 1898-ல் ஜீட்டா பீட்டா டவ் தொடங்கினார்கள். 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். சேர்ந்து படிக்கவும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளவும் கூடிய சின்னக் குழுவாகத்தான் அது ஆரம்பித்தது. தெற்காசிய ஃப்ரட்டர்னிட்டிகளும் இதே தேவையில் பிறந்தவைதான், ஆனால் வயதில் சிறியவை: பிங்ஹாம்டனில் 1994-ல் அயோட்டா நூ டெல்டா, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996-ல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினில் 1998-ல் டெல்டா எப்சிலான் சை. உங்கள் மூன்றாவது அழைப்பு தொழில்சார் வகை. 1904-ல் மின்னசோட்டாவில் தொடங்கிய தீட்டா டவ் அதற்கு ஓர் உதாரணம். சமூக ஃப்ரட்டர்னிட்டிகள் ஆண்களை மட்டும் சேர்த்துக்கொள்ள, கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டத்தில் விலக்கு உண்டு. தொழில்சார் அமைப்புகளுக்கு அந்த விலக்கு இல்லை, அதனால் அங்கே பெண்களும் இருப்பார்கள். இந்த ஒரு வேறுபாடே கூட்டத்தின் பேச்சையும் போக்கையும் நிறைய மாற்றிவிடும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் துளியும் சந்தேகமில்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். தேசிய அளவில் ஒரு ஃப்ரட்டர்னிட்டிக்கு இருக்கும் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே எழுத்துகளின் கீழ் நூறு கல்லூரிகளில் நூறு சாப்டர்கள், அதாவது கிளைகள், இருக்கும். ஒரு சாப்டரைத்தான் வீடு என்றும் சொல்கிறேன். ஒரு ஊரில் அந்தச் சாப்டர் தங்கமான பிள்ளைகளாக இருக்கும், அடுத்த மாநிலத்தில் அதே பெயரைக் கல்லூரியே துரத்தியிருக்கும். இணையத்தில் வரும் தரவரிசைகளை மூடி வைத்துவிடுங்கள். இன்னொன்று, சாப்டரும் நிலையாக இருக்காது. நான்கு வருடத்தில் ஆட்கள் முழுவதும் மாறிவிடுகிறார்கள். நல்ல தலைவர் ஒருவர் பட்டம் வாங்கிப் போனதும் இரண்டே செமஸ்டரில் சரிந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். அவமானப்பட்டுத் தலைகுனிந்த வீடு ஒன்று மூன்று வருடத்தில் நிமிர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே மூத்த உறவினர் யாராவது "என் காலத்தில் அது அருமையான இடம்" என்று சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரஷ் வாரத்தில் பார்த்ததும் ஆதாரமாகாது. பெண் பார்க்கப் போன வீட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டின் அன்றாடச் சமையலைத் தெரிந்துகொண்டதாக யாராவது சொல்வார்களா? அந்த வாரம் அவர்கள் உங்கள் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். பொய்யான அன்பு என்று சொல்லவில்லை, பல பிள்ளைகள் மனதாரத்தான் பேசுகிறார்கள். ஆனால் அது விருந்தாளிக்குக் காட்டும் அன்பு. வீட்டு ஆளாக ஆன பிறகு, முக்கியமாக அந்த முதல் எட்டு வாரப் ப்ளெட்ஜ் காலத்தில், அதாவது முழு உறுப்பினராகும் முன் புதியவராக இருக்கும் காலத்தில், என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் வாழ்க்கையைத் தொடும் விஷயம். இங்கேதான் ஹேஸிங், அதாவது சேர்த்துக்கொள்ளும் பெயரில் புதியவர்களை அவமானப்படுத்துவதும் துன்புறுத்துவதும், வருகிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் ஹேஸிங் என்றதும் ராகிங் என்று புரிந்துகொள்கிறார்கள். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், அதன் பின் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. அதனால் பயம் இருக்கிறது, அது நல்லது. ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பயம் உதவாது. ராகிங்கில் உங்களை யாரும் கேட்பதில்லை. கல்லூரியில் சேர்ந்தீர்கள், சீனியர் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். அது அநியாயம் என்று உங்களுக்கே தெரியும். ஹேஸிங்கில் நீங்களாகவே கதவைத் தட்டுகிறீர்கள். இதைத் தாண்டினால் இவர்கள் என் சகோதரர்கள் என்ற ஆசை உங்களுக்குள் இருக்கிறது. ஆகவே கண்ணைக் கட்டினால் கட்டிக்கொள்வீர்கள், குடிக்கச் சொன்னால் குடிப்பீர்கள், விடிய விடியப் பாத்திரம் கழுவச் சொன்னால் கழுவிவிட்டு அதைப் பெருமையாகவும் சொல்வீர்கள். மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், மாணவர் சங்கங்களிலும் விளையாட்டு அணிகளிலும் இருப்பவர்களில் 55 சதவீதம் பேர் ஹேஸிங்கை அனுபவித்திருந்தார்கள். அப்படி அனுபவித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தங்களுக்கு நடந்ததை ஹேஸிங் என்றே நினைக்கவில்லை. நான் விசாரணைகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். எதிரில் உட்கார்ந்து அழும் பையன்கூட "அவர்கள் கெட்டவர்கள் இல்லை சார்" என்றுதான் தொடங்குவான்.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை வீட்டில் டிமதி பியாட்ஸா என்ற பையனுக்கு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வயது 19, உங்களைப் போலப் பொறியியல் மாணவர். மது கூடாது என்ற விதி இருந்த வீடு அது. கண்காணிப்புக் கேமராக்களும் இருந்தன. ப்ளெட்ஜ்கள், அதாவது சேர வந்த புதியவர்கள், ஏற்கப்பட்ட அன்றைய இரவில் அவரை அளவுக்கு மீறிக் குடிக்க வைத்தார்கள். நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவர் இறந்துபோனார். அதற்கு மூன்று வருடம் முன்பு, 2013 டிசம்பரில், நியூயார்க்கின் பரூக் கல்லூரி மாணவர்கள் பென்சில்வேனியாவின் மலைப்பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் ப்ளெட்ஜ்களை அழைத்துப்போனார்கள். பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டி அது. மணல் நிரப்பிய பையை முதுகில் மாட்டி, கண்ணைக் கட்டி, ஒரு 19 வயதுப் பையனை மாறி மாறி மோதித் தள்ளினார்கள். அவர் நினைவிழந்த பிறகும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே மது காரணம் இல்லை. அந்தத் தேசிய அமைப்பே குற்றவாளி என்று தீர்ப்பாகி, பத்து ஆண்டுகள் பென்சில்வேனியாவில் இயங்கத் தடை விதிக்கப்பட்டது.

இரண்டு சாவிலும் பொதுவாக இருப்பது என்ன என்று பாருங்கள். ஒன்று வெள்ளைக்காரப் பெரிய வீடு, மற்றது நம்மைப் போன்ற குடியேறியவர்களின் பிள்ளைகள் கூடிய சங்கம். ஒன்றில் மது, மற்றதில் இல்லை. இரண்டிலும் ஒரு பையன் தரையில் கிடந்தபோது சுற்றி நின்றவர்கள் சாப்டருக்கு என்ன ஆகும் என்று யோசித்தார்கள். இந்தப் பதிலில் நான் சொல்ல வந்த ஒரே ஒரு விஷயம் இதுதான். ஒரு வீட்டை அளக்க என்னிடம் உள்ள அளவுகோல், அங்கே ஒருவன் ஆபத்தில் இருந்தால் யார் போனை எடுப்பார்கள் என்பது. மற்றதெல்லாம், அறைகளின் அழகு, பார்ட்டிகளின் புகழ், மூத்தவர்களின் வேலைகள், இதற்குப் பின்னால்தான் வரும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நேரடியாகக் கேளுங்கள். "கடைசியாக எப்போது ஆம்புலன்ஸ் கூப்பிட்டீர்கள், என்ன நடந்தது?" என்று தலைவரிடம் கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். எங்களுக்கு அப்படி ஒன்றும் நடந்ததே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லும் இடத்தைவிட, "போன அக்டோபரில் ஒரு பையனுக்கு முடியாமல் போனது, கூப்பிட்டோம், கல்லூரி விசாரித்தது, இந்த இந்த மாற்றம் செய்தோம்" என்று நிதானமாகச் சொல்லும் இடத்தை நான் அதிகம் நம்புவேன். எங்கள் கல்லூரியில் ஒரு சாப்டர் தலைவன் இருந்தான், இருபது வயது. இரவு ஒரு மணிக்கு அவனே 911 என்ற அவசர எண்ணை அழைத்தான், அவனே கூடப் போனான், மறுநாள் காலை என் அறை திறக்கும் முன் வாசலில் உட்கார்ந்திருந்தான். சாப்டருக்கு ஒரு செமஸ்டர் கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருந்தது. அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. உன் மகனை எந்த வீட்டுக்கு அனுப்புவாய் என்று யாராவது கேட்டால், அந்த வருடம் அந்த வீட்டைத்தான் சொல்லியிருப்பேன். உதவிக்கு அழைத்தவரையும் உடல்நிலை மோசமானவரையும் மது தொடர்பான தண்டனையிலிருந்து காக்கும் விதிகள் பல மாநிலங்களிலும் கல்லூரிகளிலும் உண்டு. உங்கள் கல்லூரியின் விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சேர்வதற்கு முன் படித்துவிடுங்கள்.

ஆவணங்களும் கொஞ்சம் உதவும். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, ஹேஸிங் செய்ததாக முடிவான மாணவர் அமைப்புகளின் பெயரையும் நடந்ததையும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்கவும் வேண்டும். சட்டம் புதிது என்பதால் பழைய கதைகள் அதில் பெரும்பாலும் இருக்காது. டிமதியின் பெயரில் 2018-ல் சட்டம் கொண்டுவந்த பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் அதற்கு முந்தைய பதிவுகளும் கிடைக்கும். பட்டியலில் பெயர் இல்லை என்றால் சுத்தம் என்று பொருளில்லை, பிடிபடவில்லை என்றும் இருக்கலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் பெயரே இல்லை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கல்லூரி அங்கீகாரத்தை ரத்து செய்த பிறகும் வெளியே வீடு எடுத்து, அதே எழுத்துகளில் சட்டை போட்டுக்கொண்டு ஆள் சேர்க்கும் கூட்டங்கள் உண்டு. மேற்பார்வை எதுவும் இல்லாத இடங்கள் அவை. சாப்டர் வாரியாகச் சராசரி மதிப்பெண்ணையும் (ஜிபிஏ) பல கல்லூரிகள் வெளியிடுகின்றன. முழுச் சாப்டரின் சராசரியைவிடப் புது உறுப்பினர்களின் சராசரியைப் பாருங்கள். அது மட்டும் மளமளவென்று விழுந்திருந்தால் ப்ளெட்ஜ் காலத்தில் அவர்களைத் தூங்க விடவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம்.

ஆவணத்தைவிட ஆட்கள் நன்றாகப் பேசுவார்கள். யாரும் தேடிப் போகாத ஒரு ஆளைத் தேடிப் போங்கள்: பாதியில் விலகியவர். போன வருடம் எத்தனை பேர் ப்ளெட்ஜ் ஆனார்கள், எத்தனை பேர் கடைசி வரை வந்தார்கள் என்று முதலில் சாப்டரிடமே கேளுங்கள். பன்னிரண்டு பேர் தொடங்கி பதினொருவர் முடித்தால் ஒன்று, ஆறு பேர் முடித்தால் வேறு. விலகியவர் ஒருவரைக் கண்டுபிடிப்பது அப்படிக் கஷ்டம் இல்லை. உங்கள் விடுதியிலோ வகுப்பிலோ இருப்பார். "ஏன் விட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நேரமில்லை என்றுதான் சொல்வார்கள். "விட்ட பிறகு அவர்கள் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்?" என்று கேளுங்கள். வழியில் பார்த்தால் இன்றும் நின்று பேசுகிறார்களா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களா? தங்களால் இனி எந்த லாபமும் இல்லாத ஒருவரிடம் காட்டும் முகம்தான் அந்த வீட்டின் முகம். அதேபோல நான்காம் ஆண்டு மாணவர்கள் இன்னும் வந்து போகிறார்களா என்று பாருங்கள். மூத்தவர்கள் ஒதுங்கிவிட்டால் இரண்டாம் ஆண்டுப் பையன்கள்தான் வீட்டை நடத்துகிறார்கள் என்று பொருள். பத்தொன்பது வயதுக்காரன் பதினெட்டு வயதுக்காரனைக் கட்டி மேய்ப்பது எனக்கு எப்போதும் கவலை தந்த விஷயம்.

பார்ட்டி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். கூடத்தில் யாராவது படிக்கிறார்களா, கழிப்பறை எப்படி இருக்கிறது, சாப்பாட்டு மேஜையில் தனியாக யாராவது உட்கார்ந்திருந்தால் யாராவது பக்கத்தில் போய் அமர்கிறார்களா என்று பாருங்கள். பெரிய வீடுகளில் சமையல்காரர் இருப்பார். அவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பையன்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, நன்றி சொல்கிறார்களா என்பதை அவர் முகமே காட்டிவிடும். நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்குவார்கள். தினமும் சாலடும் ரொட்டியும்தான் என்றால் அந்தப் பணம் வீண். அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி யாரும் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். செமஸ்டர் சந்தா என்று ஒரு தொகை சொல்வார்கள். அதற்கு மேல் தேசிய அமைப்புக்கான கட்டணம், புது உறுப்பினர் கட்டணம், காப்பீடு, சட்டைகள், ஃபார்மல் நடனத்துக்கான செலவு, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்று வரிசையாக வரும். சொந்த வீடு உள்ள சாப்டர் இரண்டாம் ஆண்டில் அங்கேயே தங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். அந்த வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டால் நடுவில் விலகினாலும் பணம் கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறீர்கள், பாடக்காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. ஆக, கூடுதல் செலவு வந்தால் அது கோவையில் இருக்கும் அப்பாவின் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். முதல் வருடம் முழுவதற்கும் மொத்தம் எவ்வளவு என்று பொருளாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுதத் தயங்குகிற பொருளாளரை நம்ப வேண்டாம்.

விசா என்றதும் இன்னொன்று. இங்கே மது அருந்தச் சட்டப்படியான வயது 21. உங்கள் அமெரிக்க நண்பன் பத்தொன்பது வயதில் பீருடன் பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டு மறந்துவிடுவான். உங்களுக்கு அப்படி முடியாது. கைது செய்யப்பட்டீர்களா என்ற கேள்வி விசா விண்ணப்பத்தில் ஒவ்வொரு முறையும் வரும், வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால் விசாவே ரத்தாகலாம். ஆகவே அழுத்தம் கொடுத்தால் "விசா பிரச்சினை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நல்ல வீடு அதை ஒருமுறை கேட்டதும் புரிந்துகொண்டு உங்கள் கையில் ஒரு சோடாவைக் கொடுக்கும். இரண்டாவது முறையும் நீங்கள் விளக்க வேண்டிவந்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. ஃப்ரட்டர்னிட்டியில் சேர்ந்தால் வேலை கிடைக்கும், அமெரிக்க அதிபர்களில் இத்தனை பேர், பெரிய நிறுவனத் தலைவர்களில் இத்தனை பேர் உறுப்பினர்கள் என்று ஒரு பட்டியல் காட்டுவார்கள். அந்தக் காலத்தில் உள்ளே போனவர்கள் ஏற்கெனவே வசதியும் தொடர்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். சங்கம் அவர்களை உயர்த்தியதா, உயரப்போகிறவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்களா என்று பிரிக்க முடியாது. சில மாணவர்களுக்கு மூத்த உறுப்பினர் வழியாக நேர்முகத் தேர்வு கிடைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்காகவே சேரலாம் என்று சொல்லும் அளவுக்கு அது வலுவான காரணம் என்று எனக்குப் படவில்லை. படிப்பு விஷயமும் அப்படித்தான். சேர்ந்த முதல் செமஸ்டரில் மதிப்பெண் குறைவதை அடிக்கடி பார்த்தேன். பிறகு சிலர் மீண்டார்கள், சிலர் மீளவில்லை. ஆனால் நட்பு பற்றி என் மனதில் சந்தேகம் இல்லை. சரியான வீடு கிடைத்த பிள்ளைகளின் திருமணங்களுக்கு இருபது வருடம் கழித்தும் அந்த நண்பர்கள் வந்து நிற்கிறார்கள். அப்பா இறந்த செய்தி வந்த இரவில் ஒரு பையனை விமான நிலையத்துக்கு ஆறு பேர் கூட்டிக்கொண்டு போனார்கள். இந்த அமைப்புகள் மொத்தமாக ஒழிய வேண்டும் என்று நான் சொல்லாததற்கு அந்த இரவுதான் காரணம்.

உங்கள் மூன்று அழைப்புகள் பற்றி என் கருத்து. தெற்காசிய ஃப்ரட்டர்னிட்டியில் முதல் நாளே வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையான ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயம் யோசியுங்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். தோசையும் பாட்டும் பொதுவாக இருக்கும், வளர்ந்த விதம் பொதுவாக இருக்காது. நம் ஆட்கள் என்று நினைத்துப் போய், அங்கேயும் தான் வேறு ஆள் என்று உணர்ந்து, இரட்டைத் தனிமையில் வந்து பேசிய மாணவர்கள் உண்டு. அப்புறம், நம் ஆட்கள் நம்மைத் துன்புறுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கேள்வி கேட்காமல் விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன பரூக் கல்லூரிப் பையனும் அப்படித்தான் நம்பியிருப்பான். பழைய பெரிய வீட்டைப் பொறுத்தவரை, ஆம்புலன்ஸ் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் நான் பேச முடியும். பொறியியல் ஃப்ரட்டர்னிட்டி நேரத்தையும் பணத்தையும் பொதுவாகக் குறைவாகக் கேட்கும், ஆணும் பெண்ணும் இருப்பார்கள், உங்கள் வகுப்பிலேயே மூத்தவர்கள் கிடைப்பார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2018-ல் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் இனவெறி நிறைந்த வீடியோக்களுக்காக வெளியேற்றியது ஒரு பொறியியல் ஃப்ரட்டர்னிட்டியின் சாப்டரைத்தான்.

எல்லாக் கேள்விகளுக்கும் நல்ல பதில் வந்தால், உங்கள் இடத்தில் நான் இந்த செமஸ்டர் பொறியியல் ஃப்ரட்டர்னிட்டியில் சேர்ந்திருப்பேன், மற்ற இரண்டுக்கும் நன்றி சொல்லித் தள்ளி வைத்திருப்பேன். ஜனவரிக்குப் பிறகு வசந்த கால ரஷ் வரும். அதற்குள் அந்த இரண்டு வீடுகளையும் நாலு மாதம் வெளியில் இருந்து பார்த்துவிடலாம். பிட்டை மறுப்பது அவமரியாதை இல்லை, மறுத்ததற்காக உங்களை வெறுக்கும் வீடு உங்களுக்கு வேண்டியதும் இல்லை. பொதுவாக இரண்டு சமூக ஃப்ரட்டர்னிட்டிகளில் ஒரே நேரத்தில் இருக்க விட மாட்டார்கள். ஆனால் ஒரு தொழில்சார் அமைப்பிலும் ஒரு சமூக அமைப்பிலும் சேர்ந்து இருப்பது பல கல்லூரிகளில் சகஜம். எதில் சேர்ந்தாலும், முறையாக உறுப்பினராக்கும் சடங்குக்கு முன் எந்த நாளும் நீங்கள் எழுந்து வெளியே வரலாம். காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், செலவுக் கணக்கையும் அனுப்புங்கள். யாருக்கும் தெரியாமல் சேர்ந்த பிள்ளைதான் பிரச்சினை வரும்போது யாரையும் கூப்பிட முடியாமல் தவிக்கிறான், அதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சாப்பாட்டு விஷயம் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம் தம்பி. பொறியியல் ஃப்ரட்டர்னிட்டியில் உங்களிடம் அரை மணி நேரம் பாலங்களைப் பற்றிப் பேசியதாகச் சொன்னீர்களே, அந்த மூன்றாம் ஆண்டு மாணவருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்பி, நாளை மதியம் சாப்பிட வர முடியுமா என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் கேள்வியையும் அவரிடமே முதலில் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று இங்கே எழுதினால் நான் படித்துப் பதில் சொல்கிறேன்.